பதிவேட்டில் மூன்று வரிகள்

(திரையில்: கோடிட்ட ஒரு பதிவேடு. பேனா மெல்ல நகர்கிறது.)

ஒரு சிறிய மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவேடு இது. திங்கட்கிழமை வயிற்றுப்போக்குடன் ஒருவர் வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இருவர். மூவருக்கும் மருந்து கொடுத்தாயிற்று, மூவரும் வீடு திரும்பிவிட்டார்கள். பதிவேட்டை எழுதுகிறவரின் கண் முகவரிக் கட்டத்தில் நிற்கிறது. மூவரும் ஒரே தெரு.

அந்தத் தெருவிலிருந்து வாரத்துக்கு எத்தனை பேர் இந்தத் தொல்லையோடு வருவது வழக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், இது வழக்கத்துக்கு மாறானது என்பதும் தெரிந்துவிடும். தெரியாதவருக்கு மூன்று என்பது வெறும் எண். சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தின் கணினியில் மூன்று பேர் கண்ணில் பட மாட்டார்கள்; முப்பது பேரானால் ஒருவேளை படலாம். ஆனால் இது காலராவாக இருந்தால் அதுவரை காத்திருக்காது. கிருமி வயிற்றுக்குள் போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோய் வெளிப்படும். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த சுற்று தொடங்கியிருக்கும்.

(திரையில்: பழைய லண்டனின் தெரு வரைபடம். நடுவில் ஓர் அடிகுழாய்.)

1854, லண்டன், பிராட் தெரு. காலராவில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகளை வரைபடத்தில் குறித்ததும், செப்டம்பர் 8ஆம் தேதி அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டதும் பலருக்குத் தெரிந்த கதை. அதே பகுதியில் வாழ்ந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற உதவிப் பாதிரியாரைப் பலருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், உள்ளூர்ச் சுகாதாரப் பணி எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

ஸ்நோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்பதைப் பொய்யென்று காட்டவே விசாரிக்கத் தொடங்கினார். அந்த வீடுகள் அவருக்குப் பழக்கமானவை. இறந்தவர்களில் பலரை நேரில் அறிந்தவர். சில வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். நோய்ப்பட்டவர்களிடம் கேட்ட கேள்வியையே நலமாக இருந்தவர்களிடமும் கேட்டார்: அந்தக் குழாயில் குடித்தீர்களா? கேட்கக் கேட்க, தான் மறுக்க வந்த முடிவையே அவர் ஏற்க வேண்டியதாயிற்று.

பிறகு இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. அடிகுழாய்க்கு நேரே இருந்த 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை, மற்றவர்களுக்கு முன்பே வயிற்றுப்போக்கு கண்டு, பிறகு இறந்திருந்தது. தாயிடம் போய்க் கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு முகப்பில் இருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாகச் சொன்னார். தோண்டிப் பார்த்தபோது, செங்கல் அரித்துப்போன அந்தக் குழிக்கும் அடிகுழாய்க்குத் தண்ணீர் தந்த கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழந்தையின் தந்தைக்குக் காலரா தொடங்கியது செப்டம்பர் 8ஆம் தேதி, கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாளில். அவருடைய கழிவும் அந்தக் குழியில்தான் போனது. நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் கைப்பிடி அங்கேயே இருந்திருந்தால், மறுபடியும் அந்தத் தண்ணீரைத்தான் தெரு குடித்திருக்கும்.

(திரையில்: மீண்டும் இன்றைய தெரு. ஒருவர் கையில் குறிப்பேடு, சிறிய சோதனைக் குழாய்.)

நம் மூன்று நோயாளிகளின் தெருவுக்கு வருவோம். சுகாதாரக் களப்பணியாளர் ஒரு பட்டியல் போடுகிறார்: பெயர், வயது, வீடு, நோய் தொடங்கிய நாள், எங்கிருந்து குடிநீர். மருத்துவமனைக்கு வராத நோயாளிகள் இந்தப் பட்டியலில்தான் முதன்முதலாக வெளிப்படுவார்கள். அடுத்து, தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரினைச் சோதிக்கிறார். கிருமியைக் கொல்லத் தொட்டியில் கலந்த குளோரின் வழியெல்லாம் குறைந்துகொண்டே வரும்; அதனால் கடைக்கோடிக் குழாய்தான் உண்மையைச் சொல்லும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5. ஒன்றுமே இல்லையென்றால் சந்தேகம் குழாய் உடைப்பின் மீது விழுகிறது. தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில், அழுத்தம் இறங்கிய நேரத்தில் குழாயின் விரிசல் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆய்வக முடிவு வர நாளாகும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யலாம், கொதிக்க வைக்கச் சொல்லலாம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுக்கலாம். கிருமியின் பெயர் எதுவானாலும் இவை வீணாகாது.

டெங்குவுக்கு வேறு கணக்கு. ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்தால் அந்தச் சுற்று அறுபடும். ஆனால் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். புகையடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். மக்களுக்குத் தெரிவது புகைதான். நான் தேய்ப்புத் தூரிகையைத்தான் நம்புவேன்.

(திரையில்: கதவுகள். ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.)

2014 ஜூலை 20. எபோலா தொற்றிய பயணி ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் வந்திறங்கினார். கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் பெருநகரம் அது. தொடர்பில் வந்த ஏறத்தாழ 900 பேரின் பெயர்கள் பட்டியலாயின. எபோலா வெளிப்பட 21 நாள் வரை ஆகலாம் என்பதால், அத்தனை நாளும் அவர்களைத் தேடிப் போய் உடல் வெப்பம் பார்த்தார்கள். ஏறத்தாழ 18,500 நேரடிச் சந்திப்புகள். நோய் 20 பேரோடு நின்றது. அவர்களில் எட்டுப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அக்டோபர் 20ஆம் தேதி, நாட்டில் எபோலா இல்லை என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

அவ்வளவு விரைவாக ஆட்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? போலியோ ஒழிப்புக்காக அமைந்திருந்த அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் முறைகளும் அதில் பயின்றவர்களும் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். நோய் வந்த பிறகு ஆள் தேடியிருந்தால் 21 நாளும் ஆள் தேடுவதிலேயே கழிந்திருக்கும். நோயற்ற ஆண்டில் இந்தப் பணியிடங்களைக் காலியாக விடுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். களப்பணியாளர்களின் வேலை சரியாக நடந்ததால்தானே அந்த ஆண்டு அமைதியாக இருந்தது!

உங்கள் வீட்டுக் கதவையும் ஒருவர் தட்டலாம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க விடுங்கள். வீட்டில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மறைக்க வேண்டாம். எந்த நாளில் தொடங்கியது என்று கேட்பார். "போன வாரம்" என்று சொல்லாமல், யோசித்துக் கிழமையைச் சொல்லுங்கள். அந்தக் கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான், நீங்கள் எந்தத் தண்ணீரைக் குடித்த நாளில் கிருமி உள்ளே போனது என்று அவர் தேடப்போகிறார்.