பிராங்க்ளின் நோட்டில் ஓட்டை விழுந்த கதை

[திரையில்: சிவப்பு மையில் கட்டம் போட்ட சின்ன நோட்டு]

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாக 7 பத்தி, வாரத்தின் நாட்கள். குறுக்கே 13 வரிசை. ஒவ்வொன்றும் ஒரு நற்குணம்: உணவில் அளவு, வாயடக்கம், ஒழுங்கு, சிக்கனம், நீதி... இப்படிப் போகிறது. 1730 வாக்கில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்த, பின்னாளில் அந்நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் தனக்காகப் போட்டுக்கொண்ட நோட்டு இப்படித்தான் இருந்தது.

பழக்கங்களைக் குறித்துவைக்கும் இன்றைய மொபைல் ஆப்கள் நல்லது செய்தால் டிக் போடச் சொல்கின்றன. இவர் கணக்கு தலைகீழ். தவறினால் ஒரு கரும்புள்ளி. பக்கம் வெறுமையாக இருந்தால்தான் வெற்றி.

[திரையில்: ஒரே ஒரு வரிசை மட்டும் ஒளிர்கிறது]

பதிமூன்றையும் ஒரே மூச்சில் பிடிக்க அவர் முயலவில்லை. தோட்டக்காரர் ஒரு பாத்தியில் களை எடுத்துவிட்டுத்தானே அடுத்த பாத்திக்குப் போவார்? அதுபோல வாரம் ஒரு குணம். அந்த வாரம் அந்த வரிசையில் புள்ளி விழக்கூடாது. மற்றவற்றில் விழுந்தால் குறித்துக்கொண்டால் போதும். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு 4 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி, தாளே ஓட்டை ஓட்டையாகிவிட்டது! அப்புறம் தந்தத் தகடுகளில் கட்டம் வரைந்து, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

அவரை அதிகம் படுத்தியது ஒழுங்கு. பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை அதனதன் நேரத்தில் செய்வது, அவ்வளவுதான். ஞாபகசக்தி அபாரமாக இருந்ததால், எல்லாம் கலைந்து கிடந்தாலும் அவருக்கு உறைக்கவில்லையாம். கெட்டிக்காரர்களுக்கே உரிய தொல்லை இது.

[திரையில்: சாணைக்கல், கோடாலி]

சலித்துப்போய் ஒழுங்கை விட்டுவிடலாமா என்று நினைத்ததற்கு அவரே ஒரு கதை சொல்கிறார். கோடாலி முழுவதும் பளபளக்க வேண்டும் என்று கேட்டார் ஒருவர். “சரி, நீங்கள் சக்கரத்தைச் சுற்றுங்கள்” என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்ததும், “புள்ளி போட்ட கோடாலிதான் எனக்குப் பிடித்திருக்கிறது” என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் பட்டியலில் இருந்தவை 12தான். “உன்னைக் கர்வி என்கிறார்கள்” என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பணிவு சேர்ந்தது. தானாக அது அவர் கண்ணில் படவில்லை. நீதிக்கு வரிசை போட்ட அதே மனிதர் பிற்காலத்தில் அடிமைகளை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானது 1787இல், 81 வயதில்.

[திரையில்: வெறும் நோட்டு, பேனா]

நீங்களும் கட்டம் போடுவதாக இருந்தால், வரிசைகளை எழுதும் முன் வீட்டில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். நான் அரை மணி நேரம் யோசித்து மூன்று குறை எழுதினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே ஐந்து சொன்னாள்.