நெதர்லாந்தின் எரிவாயு: 15 ஆண்டுக் கணக்கு ஏன் பலிக்கவில்லை?

[திரையில்: நெதர்லாந்து வரைபடம், வடகிழக்கு மூலையில் க்ரோனிங்கன்]

வணக்கம். ஒரு நாட்டிடம் மிச்சமிருக்கும் எரிவாயு எத்தனை வருஷம் வரும்? இருப்பை ஆண்டுச் செலவால் வகுத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் மாகாணத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம்.

1959-இல் ஸ்லோக்டரன் பக்கத்தில், விவசாய நிலத்துக்கு அடியில் கண்டுபிடித்த எரிவாயு வயல், அதாவது பாறைக்குள் வாயு தேங்கியிருக்கும் இடம், இது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர். ஆனால் இந்த எண் முதல் நாளே தெரிந்துவிடவில்லை; 1960-களில் கிணறு தோண்டத் தோண்ட மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது.

[திரையில்: மணற்பாறையின் குறுக்குவெட்டு]

எப்படி அளக்கிறார்கள்? சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் மணற்பாறை. அதன் பரப்பு, தடிமன், பாறைக்குள் எத்தனை சதவீதம் நுண்துளை, அந்தத் துளையில் வாயு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, இவற்றைப் பெருக்கி வருவது முதல் மதிப்பீடு. எந்த எண் கொஞ்சம் பிசகினாலும் விடை எங்கோ போய்விடும்.

அதனால் நம்பகமான சாட்சி அழுத்தம்தான். சிஎன்ஜி ஆட்டோவில் வாயு குறையக் குறைய முள் இறங்குகிறதே, அதே மாதிரி. க்ரோனிங்கனில் ஆரம்ப அழுத்தம் சுமார் 347 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பிற்காலத்தில் 100 பாருக்கும் கீழே. எடுத்த அளவையும் இறங்கிய அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் தெரியும்: சுமார் 45,000 கோடி கன மீட்டர்.

2023-இல் நாட்டின் மொத்த எரிவாயுச் செலவு ஏறத்தாழ 3,000 கோடி கன மீட்டர். வகுத்தால் 15 ஆண்டு. சரிதானே?

[திரையில்: விரிசல் விட்ட செங்கல் வீடு]

ஆனால் அழுத்தம் இறங்கினால் மணற்பாறை நசுங்குகிறது, பழைய பிளவுகள் நகர்கின்றன. 2012 ஆகஸ்ட் 16 அன்று அதே மாகாணத்தின் ஹைசிங்க கிராமத்தில் 3.6 அளவில் நிலநடுக்கம். அதற்கு அடுத்த வருஷம் உற்பத்தியைக் குறைத்திருக்க வேண்டும். மாறாக 5,400 கோடி கன மீட்டர் வரை எடுத்தார்கள். எனக்கு இது மன்னிக்க முடியாத முடிவாகவே படுகிறது. அங்குள்ள மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று 2023-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவும் சொன்னது.

2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2024-இல் சட்டம் போட்டே மூடினார்கள். எடுக்க அனுமதியும் லாபமும் இருந்தால்தான் அது ‘இருப்பு’. ஆக அந்த 45,000 கோடி நிலத்தடியில் இருந்தும், கணக்கில் பூஜ்யம்.

செலவு மட்டும் நிற்கவில்லை. அதே மாகாணத்தின் ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் 2022 முதல் திரவமாக்கிய இயற்கை எரிவாயுக் கப்பல்கள் வந்து இறக்குகின்றன.