மாத்திரை போட்டால் தீருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

"ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அந்த டெஸ்ட் எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனை வைத்துத்தான் செல்கள் சக்தியை உண்டாக்குகின்றன. அந்த வேலையில் கொஞ்சம் ஆக்சிஜன் முரட்டு மூலக்கூறுகளாக மாறி, அக்கம்பக்கத்துக் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் தாக்கும். உடம்பிலேயே இதற்குக் காவல் உண்டு. காவலை மீறித் தாக்குதல் ஓங்குவதைத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறோம். அதற்காக அந்த மூலக்கூறுகளை அடியோடு ஒழிக்கவும் கூடாது. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கே அவைதான் ஆயுதம்.

சரி, எப்படி அளப்பது? இவற்றில் பல, கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் அவை விட்டுப்போன சேதத்தைத்தான் தேடுகிறார்கள். சேதமான கொழுப்பிலிருந்து ஐசோபுரோஸ்டேன் வரும், டி.என்.ஏ.விலிருந்து 8-ஓஎச்டிஜி வரும்; இரண்டையும் சிறுநீரில் அளக்கலாம். ஆராய்ச்சிக்கு இவை அருமையான கருவிகள். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் அளவு கூடியிருந்தால், எந்த உறுப்பில், எதனால் என்று அது சொல்லாது. இந்த அளவைத் தாண்டினால் இந்தச் சிகிச்சை என்ற வரையறையும் இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, அந்த முரட்டு மூலக்கூறுகளை அடக்கும் என்று 'ஆன்டிஆக்சிடன்ட்' மாத்திரை வாங்குகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. ஃபின்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று தெரிந்திருந்தது. அதில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாகவே கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நியாயமான யோசனை. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஐந்து முதல் எட்டு வருடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம்.

அப்புறம் 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு. நாலு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரை போட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. உடற்பயிற்சியில் உண்டாகும் அந்த முரட்டு மூலக்கூறுகள்தான் உடம்பின் சொந்தக் காவலை உசுப்பிவிடுகின்றன. மாத்திரை அதை அமுக்கிவிட்டது.

வைட்டமின் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை நான் சொல்லவில்லை. அதை விடாமல் சாப்பிடுங்கள். மற்றபடி, அந்த டெஸ்டுக்கு எடுத்துவைத்த காசில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பாருங்கள், கொலஸ்ட்ரால் பாருங்கள், பிரஷர் பாருங்கள். இவற்றில் ஏதாவது கூடியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் டாக்டருக்குத் தெரியும். சிகரெட் பிடிக்கிறவர் இங்கே இருந்தால், உங்களுக்கு எந்த டெஸ்டும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள்.