எடை குறைந்த பிறகும் வரும் படபடப்பு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். பெங்களூருக்கோ கோவைக்கோ போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வருகிறது, முட்டி வலி குறைகிறது. ரொம்ப நல்லது. மனக்கவலையும் கூடவே போய்விடும் என்று வீட்டில் நம்புகிறார்கள். மனச்சோர்வு முதல் ஓரிரு வருடம் பலருக்குக் குறைகிறது. பதற்றம் அவ்வளவு நிச்சயமாகக் குறைவதில்லை.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியில் யார் வீட்டுக்குப் போனாலும் ஜூஸ் கொடுப்பார்கள். எடை குறைக்கச் செய்யும் 'பைபாஸ்' ஆபரேஷன் (இதய பைபாஸ் இல்லை; இரைப்பையைச் சிறிதாக்கி, சாப்பாட்டை நேராகச் சிறுகுடலுக்குத் திருப்பிவிடும் முறை) ஆனவர் ஒரு டம்ளர் குடித்தால், அந்த இனிப்பு வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கும். இதை டாக்டர்கள் 'டம்பிங்' என்பார்கள். பயத்தில் வரும் படபடப்பும் இதே மாதிரிதான் இருக்கும். எது எதனால் வந்தது என்று அவருக்கே புரியாமல், சாப்பாட்டைக் கண்டாலே பயப்பட ஆரம்பித்துவிடுவார். என்ன சாப்பிட்டோம், எப்போது படபடத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கவலை வந்தால் சாப்பிட்டு ஆறுதல் தேடியவர்கள் இவர்களில் பலர். 'ஸ்லீவ்' என்ற இன்னொரு ஆபரேஷன் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். கவலை அப்படியே இருக்கிறது, ஆறுதலுக்கு வழி இல்லை. சிலர் குடிப் பக்கம் போகிறார்கள்; பைபாஸுக்குப் பிறகு போதை சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறும் என்பதால் இது ஆபத்து. கல்யாணப் பந்தியில் நாலு வாய் சாப்பிட்டு எழுந்தவரிடம் "என்னப்பா, ஏதாவது பெரிய வியாதியா?" என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கேள்வி அவரை அடுத்த விசேஷத்துக்கே வரவிடாது.

ஏற்கெனவே பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாத்திரைகள் உடலில் சேரும் அளவு மாறும். அளவைத் திருத்த வேண்டியது டாக்டர்தான். விடாமல் வாந்தி வந்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகத் தெரிந்தால் அது நரம்புத் தளர்ச்சி இல்லை, பயமும் இல்லை. வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். வணக்கம்.