சிங்கப்பூரிலிருந்து பாரியோ: ஒரு கெலாபிட் மலையூருக்குப் போகும் முன்

வணக்கம். ஜூன் விடுமுறைக்கு மலைப்பக்கம் போகலாம் என்று பேச்சு வந்தால் நம் வீடுகளில் பாதிப் பேர் கேமரன் மலை என்பார்கள், மீதிப் பேர் ஊட்டி, கொடைக்கானல் என்பார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது வேறு ஊர். போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்து வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் பாரியோ. கெலாபிட் பழங்குடி மக்களின் ஊர். அவர்கள் மொத்தமே சில ஆயிரம் பேர்தான், அதிலும் பலர் படிப்பு, வேலை என்று சரவாக்கின் நகரங்களான மிரிக்கும் கூச்சிங்குக்கும் போய்விட்டார்கள்.

(திரையில்: வரைபடம். சிங்கப்பூர், மிரி, பாரியோ.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான். இந்தப் பயணத்தைத் திரும்பி வரும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

ஏன் என்றால், மிரியிலிருந்து பாரியோவுக்குப் போவது 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் விமானம். சுமார் 50 நிமிடப் பயணம்தான், ஆனால் சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, மேகம் இறங்கிவிட்டால் விமானி கண்ணுக்கு ஓடுபாதை தெரியாது, தெரியாவிட்டால் விமானம் கிளம்பாது. அன்றைக்கு ரத்து என்றால் ரத்துதான். அதனால் பாரியோவிலிருந்து இறங்கும் அதே நாளில் சிங்கப்பூர் விமானத்தை வைக்கவே வைக்காதீர்கள். நடுவில் மிரியில் ஓர் இரவு கட்டாயம், முடிந்தால் இரண்டு. திங்கட்கிழமை காலை ஆபீசில் இருந்தே ஆக வேண்டும் என்றால், புதன்கிழமையே மலையிலிருந்து இறங்கப் பாருங்கள். விடுப்பு கேட்கும்போதே இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டுவிடுங்கள், அப்புறம் மேலே உட்கார்ந்துகொண்டு மேலாளருக்குச் செய்தி அனுப்ப சிக்னல் தேடி அலைய வேண்டாம்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மார்ச், செப்டம்பர் ஒரு வார விடுமுறை நெருக்கடியாக இருக்கும். ஆண்டு இறுதி விடுமுறை நீளமானது, ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜூன்தான் என் தேர்வு.

சாங்கியிலிருந்து மிரிக்கு ஸ்கூட் விமானத்தில் நேராகப் போகலாம், தேதி ஒத்துவராவிட்டால் கோலாலம்பூர் அல்லது கூச்சிங் வழியாக. மிரி–பாரியோ விமானம் பல வருடங்களாக மாஸ்விங்ஸ் என்ற பெயரில் ஓடியது. 2025இல் அதை வாங்க சரவாக் அரசு ஒப்பந்தம் போட்டது, புதிய பெயர் ஏர்போர்னியோ. இணையத்தில் பழைய பெயரிலும் நிறைய தகவல் கிடக்கிறது, குழம்ப வேண்டாம்.

மிரி விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்ததும் உங்களையும் ஏறி நிற்கச் சொல்வார்கள், தோளில் மாட்டிய பையோடு. இவ்வளவு சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பெட்டிக்கு 10 கிலோ அளவில்தான் அனுமதி, டிக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை மிரி ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள்.

விமானம் வேண்டாம் என்றால் மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண் சாலை இருக்கிறது. நான்கு சக்கர இயக்க வண்டியில் காலையில் கிளம்பினால் போய்ச் சேர இருட்டிவிடும், மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. வயதானவர்களை அந்த வழியில் கூட்டிப்போகாதீர்கள்.

அடுத்து காகிதங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு, கோலாலம்பூர் வழியாகப் போனாலும் மிரியில் மறுபடி முத்திரை குத்துவார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் இந்தியக் கடப்பிதழோடு இருக்கும் நிரந்தரவாசி என்றால் அந்த இன்னொருவர் அதை நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போகும் சலுகை இருக்கிறது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு, டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி முடியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரிங்கிட்டை முஸ்தஃபா பக்கத்திலேயே மாற்றி, சிறு நோட்டுகளாக எடுத்துப் போங்கள். மேலே ஏடிஎம்மையும் கார்டையும் நம்ப வேண்டாம். அங்கே எரிவாயு உருளையும் சீனியும்கூட விமானத்திலோ அந்த மண் சாலையிலோ வர வேண்டும், விலை கூடுதலாகத்தான் இருக்கும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

(திரையில்: பள்ளத்தாக்கு, நெல் வயல்கள், நீள்வீடு.)

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அங்கே பேச்சு நன்றாக ஓடும். 1945 மார்ச்சில், ஜப்பானியர் ஆட்சியின்போது, டாம் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் நேச நாடுகளின் ரகசியப் படையான இசட் சிறப்புப் பிரிவு வீரர்களும் பாராசூட்டில் இறங்கியது இந்தப் பள்ளத்தாக்கில்தான். கெலாபிட் மக்கள் அவர்களோடு சேர்ந்து போராடினார்கள். அப்புறம் 1963இல் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மோதல் தொடங்கியது. ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் 1965 மார்ச் 10ஆம் தேதி குண்டு வெடித்ததே, அதே மோதல். எல்லையோரச் சிற்றூர்களில் இருந்த பலர் அப்போதுதான் பாதுகாப்புக்காகப் பாரியோவுக்கு வந்து குடியேறினார்கள். நீங்கள் தங்கும் வீட்டுப் பெரியவரிடம் உங்கள் குடும்பம் எந்தச் சிற்றூரிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், இரவுச் சாப்பாடு முடிந்தும் பேச்சு முடியாது.

பெயர்ப் பழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளை பிறந்ததும் பெற்றோர் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்வார்கள், பேரப்பிள்ளை வந்ததும் மறுபடி. அதற்கு இராவ் என்று ஊர் கூடிய விருந்து நடக்கும். நம் பக்கம் முருகன் அப்பா, செல்வி அம்மா என்று கூப்பிடுவது போலத்தான், அங்கே அது விழா வைத்து ஊரறியச் செய்வது.

பக்கத்துச் சிற்றூரான பா உமோர் பக்கம் போனால் உப்பு ஊற்றைப் பாருங்கள். கடலே இல்லாத மலையில் உவர்நீர் ஊறுகிறது. அதைப் பெரிய பாத்திரங்களில் ஊற்றி விறகுத் தீயில் விடாமல் காய்ச்சுகிறார்கள், கொட்டகை முழுக்கப் புகை. அடியில் தங்கும் ஈர உப்பை மூங்கில் குழாயில் திணித்து நெருப்பில் வைக்கிறார்கள், மூங்கில் கருகி உதிர்ந்த பிறகு உப்பு சாம்பல் நிறத்தில் கெட்டியான உருளையாக நிற்கிறது. அதை இலையில் சுற்றிக் கட்டினால் விற்பனைக்குத் தயார். அதையும் பாரியோ அரிசியையும் அங்கேயே வாங்குங்கள். அந்த நெல் வருடத்துக்கு ஒரே போகம்தான், சின்னச் சின்ன மணி, மிருதுவாக வேகும்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் முன்கூட்டியே பேச வேண்டும். காட்டுப்பன்றி அங்கே சாதாரண உணவு. சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது, மீன், கோழி, கறிச்சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். காட்டுக் கீரை, அன்னாசி, இலையில் மடித்த குழைந்த சோறு என்று சைவர்களுக்கும் வயிறு நிறையும். ஹலால் பார்ப்பவர்கள் தங்கள் பாத்திரத்தையும் கொஞ்சம் உணவையும் கொண்டுபோவது நிம்மதி.

வெறுங்கையோடு போக மனம் வராது, தெரியும். காப்பித்தூள், பிஸ்கட் டின் கொடுங்கள். மது வேண்டாம், கெலாபிட் மக்கள் பெரும்பாலும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உரியது, அன்றைக்கு வழிகாட்டியை மலையேறக் கூப்பிடாதீர்கள். கனத்த பித்தளைத் தோடு போட்டு நீண்ட காதுமடல்களோடு பாட்டிமார் சிலரைப் பார்க்கலாம். படம் பிடிக்கப் போனை எடுக்கும் முன் பக்கத்தில் உட்காருங்கள், பேசுங்கள், கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

பா லுங்கான் சிற்றூருக்கு நடந்து போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும், முழங்கால் வரை சேறு, ரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சி. விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை விட மிரியில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் ஷூ மேல், ‘கம்போங் அடிடாஸ்’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். நீளக் காலுறையும் தலையில் மாட்டும் விளக்கும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, பிள்ளைகளை நாயைத் தடவ விடாதீர்கள். குரங்கிலிருந்து மனிதருக்குக் கொசு வழியாக வரும் மலேரியா அங்கே பரவலாக இருப்பதை மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங் குழு 2004இல் வெளியிட்டது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒரு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். காப்புறுதியில் ஹெலிகாப்டரில் ஏற்றி வரும் செலவு அடங்குமா என்று கேளுங்கள்.

(திரையில்: போனில் தட்டச்சு செய்யும் கை.)

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது? டிக்கெட்டுக்கு முன்னால் தங்கும் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யாருக்கு முழங்கால் வலி, என்ன சாப்பிடமாட்டீர்கள், எந்த வாரம், விமானம் ரத்தானால் இன்னும் ஓர் இரவு தங்க இடம் இருக்குமா, வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு. மலாயோ ஆங்கிலமோ எழுதலாம். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், அங்கே இணைய இணைப்பு அப்படித்தான். பதில் வந்த பிறகு மிரி–பாரியோ இருக்கையைப் பிடியுங்கள், அது உறுதியானதும் சிங்கப்பூர்–மிரி டிக்கெட்டை எடுங்கள்.