அந்த ரூமுக்குள்ள கிளார்க் ஏன் போனாரு?

எல்லாருக்கும் வணக்கம். கோர்ட் வராண்டால உக்காந்திருக்கிற கட்சிக்காரங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி, "சார், ஜட்ஜ் அய்யா எதிர்பார்ட்டிக்கு வேண்டியவராமே, நமக்கு நியாயம் கெடைக்குமா?" அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, போங்கன்னு அனுப்பிடலாம்தான். ஆனா அந்த பயத்தை சட்டமே மதிக்குதுங்க, அதைத்தான் இன்னிக்கு சொல்ல வந்தேன்.

நூறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துல சசெக்ஸ் பக்கம் ஒரு ஆக்சிடென்ட், மெக்கார்த்தின்னு ஒருத்தர் மேல கேஸ். விசாரணை முடிஞ்சதும் மாஜிஸ்திரேட்டுங்க தனி ரூமுக்கு போறாங்க, கோர்ட் கிளார்க்கும் நோட்ஸை எடுத்துக்கிட்டு பின்னாடியே போறாரு. அவரோட வக்கீல் ஆபீஸ்தான் அதே ஆக்சிடென்ட்டுக்கு மெக்கார்த்திகிட்ட நஷ்டஈடு கேட்டுக்கிட்டு இருக்கு! உள்ள அவர் வாயே தொறக்கல, அவரை யாரும் எதுவும் கேக்கவும் இல்ல, மேல்கோர்ட்டும் அதை நம்புச்சு, இருந்தும் தண்டனை ரத்து. நீதி வழங்குனா மட்டும் பத்தாது, வழங்குனது கண்ணுக்கு தெரியணும்னு அப்போ தலைமை நீதிபதியா இருந்த லார்ட் ஹீவர்ட் சொன்னது இந்த சின்ன கேஸ்லதான்.

இதே விஷயம் 1998-ல சிலி நாட்டோட முன்னாள் ராணுவ ஆட்சியாளர் பினோசே கேஸ்ல வந்துச்சு. சிலியில மூவாயிரம் பேருக்கு மேல கொல்லப்பட்ட, காணாமப்போன ஆட்சி அவரோடது. விசாரிக்க அனுப்புங்கன்னு ஸ்பெயின் கேட்டதால லண்டன்ல வச்சு புடிச்சாங்க, அப்போ அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்த பிரபுக்கள் சபை நீதிபதிங்க, முன்னாள் ஆட்சித் தலைவர்ங்கிறதால வழக்குல இருந்து அவருக்கு பாதுகாப்பு கெடையாதுன்னு 3-க்கு 2-ன்னு தீர்ப்பு சொன்னாங்க, எத்தனை தாய்மாருங்க அன்னிக்கு அழுதிருப்பாங்க. அப்புறம்தான் தெரியுது, அந்த மூணு பேர்ல ஒருத்தரான லார்ட் ஹாஃப்மன், கேஸ்ல சேந்து வாதாடின மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியோட சேரிட்டி கம்பெனியில டைரக்டர், அவர் மனைவியும் அம்னஸ்டியில வேலை பாக்குறாங்க. அவர் ஒருதலையா நடந்தாருன்னு யாரும் சொல்லல. ஆனாலும் டிசம்பர்ல தீர்ப்பையே தூக்கிட்டாங்க.

எனக்கு வயிறு எரியுது, ஆனா தூக்குனது சரிதாங்க. பினோசேக்கு கெடைக்காத நியாயம் நாளைக்கு மெக்கார்த்திக்கும் கெடைக்காது. 1999 மார்ச்ல ஏழு பேர் பெஞ்ச் மறுபடி கேட்டு, பிரிட்டன் சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட 1988 டிசம்பர் 8-க்கு பிறகான சித்திரவதைக்கு மட்டும்தான் ஸ்பெயினுக்கு அனுப்பலாம்னு சுருக்கிடுச்சு, 2000-ல உடம்பு சரியில்லன்னு அவரை ஊருக்கே அனுப்பிட்டாங்க. முதல் நாளே ஹாஃப்மன் எந்திரிச்சு "எனக்கு அம்னஸ்டியோட தொடர்பு இருக்கு"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா, ரெண்டாவது விசாரணைக்கு வேலையே இருந்திருக்காது.

நம்ம ஊர்ல கேஸ்ல இருந்து விலகுற ஜட்ஜுங்க பலபேர் "நாட் பிஃபோர் மீ" (என் முன்னாடி வேண்டாம்)ன்னு மட்டும் எழுதிட்டு போயிடறாங்க. காரணத்தை சொல்லணும்னு 2015-ல உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் தீர்ப்புலயே எழுதினாரு. வராண்டால உக்காந்திருக்கிற அந்த அம்மாவுக்கு காரணம் சொல்ற அந்த ஒரு வரியை யாராவது படிச்சு காட்டணுங்க.