இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். கம்பம், கூடலூரிலிருந்து தினமும் ஜீப் ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை நினைத்துத்தான், வயிற்றில் கத்தி இறங்கினால் உடனே ஆபரேஷன் செய்து திறந்தே ஆக வேண்டுமா என்ற விஷயத்தை எடுத்தேன்.

களை வெட்டப் போன ஒருவர் ஈரப் பாறையில் வழுக்கித் தன் கத்தி மேலேயே விழுந்துவிட்டார். தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் அகலக் காயம். நாடி சீராக இருந்தது, வயிறு மெத்தென்று இருந்தது, ஸ்கேனிலும் பயப்படும்படி எதுவும் இல்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். அவருடைய அக்காவுக்குக் கோபம். "கத்தி இறங்குன வயித்தத் திறக்காம என்னத்தப் பாக்கப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். வயிற்றைத் துளைத்த காயமென்றால் திறந்தே ஆக வேண்டும் என்பது முதல் உலகப் போர்க்காலத்தில் வேரூன்றிய வழக்கம். 1960-இல் புரூக்ளினைச் சேர்ந்த ஜெரால்ட் ஷாஃப்டன் என்ற அறுவை மருத்துவர், ஆளின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள் என்று எழுதினார். முன்வயிற்றுக் கத்திக்குத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய உள்ளுறையைத் தாண்டுவதே இல்லை. இன்னொரு பங்கு தாண்டினாலும் தைக்கும்படி எதையும் கெடுப்பதில்லை. வீணாகத் திறந்தால் பின்னாளில் குடல் ஒட்டி அடைப்பு வரலாம்.

அன்று ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நானேதான் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். கை மாறினால் கணக்கு தப்பும். அமுக்கும்போது என் பார்வை அவர் முகத்தில் இருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால் தோட்டத்து ஆட்கள் இல்லையென்றுதான் சொல்வார்கள், புருவம் சொல்லிவிடும். வயிறு பலகையாக இறுகினாலோ, நாடி ஏறி ரத்த அழுத்தம் விழுந்தாலோ உடனே தியேட்டர்தான். அதனால் ராத்திரியிலும் சர்ஜன், மயக்க மருத்துவர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்கிற இடத்தில்தான் இப்படிப் பொறுக்கலாம். இல்லையென்றால் மலையிறங்கி தேனி மெடிக்கல் காலேஜுக்குப் போய்விடுவதே மேல்.

அப்புறம், ஜீப்பில் தூக்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குத்தி நிற்கிற கத்தியையோ மூங்கிலையோ உருவாதீர்கள்; ரத்தத்தை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கலாம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். தெம்புக்கு என்று டீ, சோடா கொடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள் காலை அவருக்குக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். அக்கா தூக்குவாளியைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை அமுக்கிப் பாத்துருங்க டாக்டர்" என்றார்.